பரு போன கறைக்கு எதைப் பூசுவது: முல்தானி மட்டியா, பாசிப்பருப்பு மாவா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடையில் போய், "பரு வந்து முகம் கறுத்துப்போச்சு, பூச என்ன இருக்கு?" என்று கேட்டாலும் கடைக்காரர் கை போகும் இடம் நாலுதான்: முல்தானி மட்டி, பாசிப்பயறு மாவு, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலைப் பொடி. இதில் மஞ்சளும் வேப்பிலையும் கலக்கிற சரக்கு. தனியாக அப்பிக்கொள்கிறவர்கள் குறைவு. ஆக உண்மையான போட்டி மட்டிக்கும் மாவுக்கும்தான். என் ஓட்டு மாவுக்கு. எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது இருப்பதும் அந்த டப்பாதான்.

முதலில் எந்தக் கறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரு ஆறிய இடத்தில் தட்டையாக, பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்கும் கறைக்குத்தான் இந்தப் பேச்சு. கன்னத்தின் இரண்டு பக்கமும் படர்ந்த மங்கு, விரலுக்குத் தட்டுப்படும் குழித் தழும்பு, சீழ் வைத்து வலிக்கும் கட்டிப் பரு இந்த மூன்றுக்கும் தோல் டாக்டர்தான். எந்தப் பூச்சும் குழியை நிரப்பாது. தட்டையான கறைகூடத் தானாகவே மாதக்கணக்கில் மெல்ல மங்கும் இயல்புடையது. பூச்சின் வேலை முகத்தைச் சுத்தமாக வைத்து, அந்த மங்கலுக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது. இதை நினைவில் வைத்தால் மீதி எல்லாம் எளிது.

விலை, கிடைப்பது, செய்முறை மூன்றிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணெயை உறிஞ்சுவதில் மட்டி கெட்டி. அது களிமண் இனம், மேல் எண்ணெயை இழுத்துவிடும். மாவு அந்த அளவுக்கு இழுக்காது. இதுவரை மட்டிதான் முன்னால் நிற்கிறது.

விஷயத்தை முடிவு செய்வது அதைக் கழுவி எடுக்கும் விதம். நம் நிறத் தோலில் எங்கே உரசல், எரிச்சல், வீக்கம் வந்தாலும் தோல் அங்கே நிறமியைக் கூடுதலாகச் சுரக்கும். பரு போன இடம் கறுப்பதும் அதனால்தான். பருக் கறையைப் போக்கப் பூசிய ஒன்றைத் தேய்த்து எடுத்தால், கறை வந்த காரணத்தையே மறுபடி கொடுக்கிறோம். முல்தானி மட்டி மாட்டுவது இங்கேதான். பங்குனி, சித்திரையில் நம் ஊர் உலர்ந்த சூட்டில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால், மெல்லிசாகப் பூசிய மட்டி பத்து நிமிடத்துக்குள் வெளுத்துப்போகும். முதலில் வாயோரமும் மூக்கோரமும் விரிசல் விடும், பிறகு கன்னம் இழுக்கும். "இழுக்குது, வேலை செய்யுது" என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். அப்புறம் காய்ந்த மட்டியைத் தண்ணீர் தொட்டுக் கையால் உரசுவார்கள், போகாது. துண்டால் துடைப்பார்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருக்களில் நிலைமை இன்னும் மோசம்: முகம் வறண்டு, சொரசொரத்து, இரண்டு நாளில் மூக்கோரம் தோல் உரியும்.

சோதித்துப் பார்க்க முகம் வேண்டாம், முன்கை போதும். ஒரு ரூபாய் அளவுக்கு மட்டிக் குழம்பை ஓரிடத்திலும், தயிரில் குழைத்த பருப்பு மாவைப் பக்கத்திலும் பூசி, ஃபேனில் கால் மணி நேரம் விட்டு, தேய்க்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். மாவு ஊறி வழவழவென்று வழிந்துவிடும். மட்டி கை மயிரைப் பிடித்துக்கொண்டு திட்டுத்திட்டாக நிற்கும். கன்னத்தில் இருப்பதும் இதே கதைதான்.

இனி மாவு. முழுப் பயறை விடத் தொலி நீக்கிய பாசிப்பருப்பு நல்லது. தொலி எவ்வளவு அரைத்தாலும் செதிலாக நின்று கீறும். கால் கிலோ பருப்பைக் கல் பொறுக்கி, ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் சிறு சிறு கையளவாக அரையுங்கள். சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள். மாவு மில்லுக்குக் கொண்டுபோவதானால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னால் என்ன அரைத்தீர்கள்? நம் பக்கத்து மில்லில் பாதி நேரம் மிளகாயும் மல்லியும் மசாலாவும்தான் ஓடும். அடுத்து விழும் உங்கள் மாவின் முதல் இரண்டு பிடியில் அந்தக் காரம் இருக்கும், முகத்தில் பட்டால் நெருப்பாக எரியும். அரிசி ஓடி முடித்த மிஷினில் போடச் சொல்லுங்கள், முதல் பிடியைத் தள்ளிவிடுங்கள்.

அரைத்ததும் வேலை முடியவில்லை. சல்லடை போதாது. பழைய வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, அதன்மேல் மாவைப் போட்டு விரலால் தடவிச் சலிக்க வேண்டும், சித்த மருந்துக்காரர்கள் வஸ்திரகாயம் என்று சொல்வது இதைத்தான். துணியில் தங்கும் குருணையைக் கைக்கும் காலுக்கும் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழும் மாவை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் பவுடர் போல இருக்க வேண்டும், நறநறத்தால் மறுபடி சலியுங்கள். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள், ஈரக் கரண்டி பட்டால் கட்டி தட்டி வண்டு விழும்.

ஒரு முறைக்கு இரண்டு தேக்கரண்டி மாவு, ஒன்றரைத் தேக்கரண்டி புளிக்காத தயிர். கெட்டியாக இருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தோசை மாவுப் பதத்தில், விரலில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். புளித்த தயிர் வேண்டாம், எரியும். பால் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் தண்ணீரிலேயே குழைக்கலாம், பலனில் பெரிய குறை இல்லை. காதுக்குப் பின்னால் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு பூசுங்கள். கண்ணையும் உதட்டோரத்தையும் விட்டுவிடுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம், ஓரம் காயத் தொடங்கும்போதே எழுந்துவிட வேண்டும். இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி முகத்தில் அடித்து, அரை நிமிடம் ஊறவிட்டு, வழித்து எடுங்கள். துண்டால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ச்சரைசர். வாரம் இரண்டு முறை போதும். பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடாமல் வெயிலில் சுற்றினால் இந்த உழைப்பெல்லாம் வீண்.

மஞ்சள் சேர்ப்பதானால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். கஸ்தூரி மஞ்சள் என்று விற்பதில் பாதி வேறு கிழங்கு. கிழங்காக வாங்கி உடைத்துப் பாருங்கள்: உள்ளே வெளிறிய மஞ்சளாக, கற்பூர வாசனையோடு இருந்தால் சரி. ஆரஞ்சாக, சமையல் மஞ்சள் மணத்தோடு இருந்தால் அது முகத்தில் கறை பிடிக்கும். பொடியாக வாங்கினால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டு அசையாமல் வையுங்கள். அடியில் படிந்து மேல் தண்ணீர் லேசான மஞ்சளாக நின்றால் நல்லது, அடர் மஞ்சளாக நின்றால் சாயம் கலந்திருக்கலாம்.

வேப்பிலையை அரைத்து அப்படியே பூசாதீர்கள், நார் கீறும். ஒரு கைப்பிடி இலையை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஒரு டம்ளராக வற்றவிட்டு, ஆறியதும் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் மாவைக் குழைக்கலாம். புதிதாகப் பரு வந்துகொண்டிருக்கும் எண்ணெய் முகத்தில் இது ஒத்துவருகிறது. வறண்ட முகத்துக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். குப்பைமேனிக்கும் அதே பதில்தான். சந்தனம் குளிர்ச்சிக்கு நல்லது. ஆனால் கட்டையை வாங்கிக் கல்லில் இழைக்கிறவர்களுக்கு மட்டும். பொடி டப்பாவில் சந்தனம் எவ்வளவு, மரத்தூள் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சாறு சிந்திய ஆத்தங்குடி சிமெண்ட் கல் தளமே பளபளப்பு போய் வெளிறிவிடுகிறது, முகத்தோல் எந்த மூலைக்கு? அதைப் பூசிக்கொண்டு வெயில் பட்டால் சிலருக்குக் கறை இரட்டிப்பாகும். பருவுக்கு அடாபலின், பென்சாயில் பெராக்சைடு போன்ற மருந்துக் களிம்பு போடுகிறவர்களுக்குத் தயிர்கூட எரியலாம், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

மட்டிக்கும் இடம் உண்டு. நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெய் வழிகிறவர்கள், அந்த இடத்தில் மட்டும், வாரம் ஒரு முறை பூசலாம். இரண்டு தேக்கரண்டி மட்டியில் பன்னீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் கட்டி தானே கரையும். சோற்றுக் கற்றாழை ஜெல் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் காய்வது தாமதமாகும். கற்றாழை மடலை வெட்டியதும் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பால் வடிந்த பிறகு கழுவித்தான் சீவ வேண்டும், அந்தப் பால் அரிக்கும். நடுவில் காய்கிற மாதிரி தெரிந்தால் தண்ணீர் தெளியுங்கள், வெளுக்கவே விடாதீர்கள்.

குழைத்ததில் மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், தயிர் சேர்த்த மாவு மறுநாளே புளித்திருக்கும். மட்டி மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டாதீர்கள். குழாய் வளைவில் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். செடிக்கு ஊற்றிவிடுங்கள்.