காய்ச்சலுக்கு இணையத்தில் தேடிய ஏழு வருடங்கள்: ஒரு விடுதி மாணவியின் அனுபவம்

முதல் வருடம், 2018 நவம்பர். கோவையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அறைத்தோழிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் வலி. விடுதிக் கதவு இரவு ஒன்பதரைக்குப் பூட்டப்படும். கைப்பேசியில் தேடினேன். முதலில் கிடைத்தது பிரிட்டனில் எழுதப்பட்ட ஒரு பக்கம். ஓய்வெடுங்கள், நிறைய நீர் குடியுங்கள், பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரூஃபன் எடுத்துக்கொள்ளலாம் என்றது. தெளிவாக, விளம்பரம் இல்லாமல் இருந்ததால் நம்பினேன். என் பெட்டியில் ஐபுப்ரூஃபன் இருந்தது.

மறுநாள் காலை மெஸ்ஸில் கஞ்சி கேட்டுப் போனபோது சமையல் அக்கா, "எங்க தெருவுல ரெண்டு பேருக்கு டெங்கும்மா, பாராசிட்டமால் தவிர வேற எந்த மாத்திரையும் குடுத்துடாத" என்றார். அப்புறம்தான் 'டெங்கு' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் பக்கமும் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கமும் ஒரே விஷயத்தைச் சொல்லின: டெங்கு என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் இரண்டும் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகலாம். முந்தின நாள் படித்த பக்கத்தில் தவறு எதுவும் இல்லை. டெங்கு கொசு இல்லாத ஊரில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது அது. எனக்கு அன்று புரிந்ததும் இந்த ஏழு வருடத்தில் உறுதிப்பட்டதும் இதுதான்: இணையத்தில் சரியான தகவலே கிடைத்தாலும், அது எந்த ஊர் நோயாளிக்காக எழுதப்பட்டது என்று பார்க்காவிட்டால் ஆபத்து.

நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. இன்டர்னல் தேர்வு எழுதக் கிளம்பிவிட்டாள். காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் டெங்குவில் கவனமாக இருக்கவேண்டிய கட்டம் என்று படித்திருந்ததால் நான் விடவில்லை. மதியம் வயிற்று வலி, அடுத்தடுத்து வாந்தி. அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம், நான்கு நாள் டிரிப்ஸ் ஏறியது. அவள் அப்பா ஊரிலிருந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி பிளேட்லெட் எவ்வளவு என்பதுதான். தமிழ்க் காணொளிகள் எல்லாம் அந்த எண்ணையும் பப்பாளி இலைச் சாற்றையும் பற்றியே பேசுகின்றன. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பில் நீர் குறைவதுதான் பெரிய அபாயம் என்பதைச் சொல்லும் காணொளி ஒன்றுகூட அப்போது என் கண்ணில் படவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. எந்த நோய்ப் பக்கத்தைத் திறந்தாலும் 'எப்போது மருத்துவரைப் பார்க்கவேண்டும்' என்ற பகுதிக்கு முதலில் போய்விடுவேன். காரணங்களையும் வகைகளையும் பிறகு படித்துக்கொள்ளலாம். தலைவலி என்று தேடி மூளைக் கட்டியில் போய் முடிவது எனக்கு மட்டும் நடப்பதல்ல. 2009-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் ஒயிட்டும் எரிக் ஹார்விட்ஸும் இந்தப் பதற்றத்தையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கவேண்டிய நேரம் சொல்லும் பகுதியை முதலில் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அந்தப் பதற்றம் பெருமளவு குறைந்தது.

தளங்களில் நான் அதிகம் நம்புவது இரண்டு. ஒன்று மெட்லைன்பிளஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998-இலிருந்து நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. பரிசோதனை அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பெயரும் எதற்கு என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லும். இன்னொன்று பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தளம். பக்கம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, அடுத்து எப்போது சரிபார்ப்பார்கள் என்று அடியில் தேதி போடுவார்கள். அந்தத் தேதி எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் இரண்டிலும் அலகையும் மருந்துப் பெயரையும் கவனிக்கவேண்டும். நம் லேப் அறிக்கையில் ஹீமோகுளோபின் 11 என்று இருக்கும், பிரிட்டன் பக்கத்தில் 120 என்று போட்டிருக்கும். அவர்கள் ஒரு லிட்டருக்குக் கணக்கிடுகிறார்கள், நாம் டெசிலிட்டருக்கு, அவ்வளவுதான்; 120 என்றால் நம் கணக்கில் 12. இதைப் பார்த்து ஒரு ஜூனியர் ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். சர்க்கரை அளவு என்றால் அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். அதேபோல அமெரிக்கப் பக்கங்களில் வரும் அசிட்டமினோஃபென் நம் பாராசிட்டமால்தான். இது தெரியாமல் இரண்டையும் தனித்தனி மருந்து என்று நினைத்து எடுத்தால் அளவு கூடி ஈரலைப் பாதிக்கும். பல ஜலதோஷ மாத்திரைகளிலும் அது இருக்கிறது, அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

பெண்கள் விடுதியில் அதிகம் தேடப்படுவது மாதவிடாய் சிக்கல்தான். அதிலும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. இங்கே எல்லோரும் அதை பி.சி.ஓ.டி. என்கிறோம். அந்தப் பெயரில் தேடினால் எனக்கு வந்ததில் பாதி, பொடி விற்கும் பக்கங்கள். அதன் மருத்துவப் பெயரான பி.சி.ஓ.எஸ். என்று மாற்றித் தேடியதும் நல்ல பக்கங்கள் வந்தன. சீரற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் அதிகமாக இருப்பதன் அறிகுறி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்பது 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று 2018 சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்கேன் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தனக்குக் குழந்தையே பிறக்காது என்று நம்பிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பெண்ணிடம் இந்த வரியைக் காட்டினேன். அடுத்த வாரம் மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கேட்கத் துணிந்தாள்.

ஒரு பக்கத்தை நம்பலாமா என்று பார்ப்பதற்கு ஸ்டான்ஃபோர்டில் வந்த ஓர் ஆய்வு எனக்கு உதவியது. 2017-இல் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் என 45 பேரிடம் இரண்டு குழந்தை மருத்துவ அமைப்புகளின் தளங்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய பெரிய சங்கம், மற்றது 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. மாணவர்கள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றி, தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே வேறு டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். நானும் இப்போது அப்படித்தான். பெயரைத் தனியாகத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

2023-இலிருந்து ஏ.ஐ. உரையாடல் செயலிகளையும் பயன்படுத்துகிறேன். அறிக்கையில் உள்ள ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கச் சொன்னால் நன்றாகவே செய்கின்றன. மருந்து அளவு மட்டும் கேட்பதில்லை; கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பதிலும் மாறியது. தேடி முடியாதபோது மனிதரிடம் பேசுவதே மேல். அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-இல் தமிழில் பேசலாம். மனச்சோர்வுக்கு 2022-இல் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை டெலி-மானஸ், எண் 14416. ஆய்வு அறிக்கை கெடு நெருங்கிய ஓர் இரவில் தோழிக்காக அதை அழைத்தேன், எடுத்தவர் பொறுமையாகத் தமிழில் பேசினார்.

தமிழில் தேதி போட்ட, எளிய பக்கங்கள் இன்னும் குறைவு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுச் சுருக்கங்கள் சில தமிழில் கிடைக்கின்றன, ஆனால் நடை கடினம், முதல் வருட மாணவிக்குப் புரியாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் வார்டனிடம் கேட்டு, டெங்கு அபாய அறிகுறிகளை நானே கையால் எழுதி மெஸ் கதவில் ஒட்டுகிறேன்: கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கடும் சோர்வு. அடியில் எழுதிய தேதியும் இருக்கும். சமையல் அக்கா அதன் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைத்திருக்கிறார், ஆவி பட்டு எழுத்து அழிந்துவிடக்கூடாது என்று.