2 செ.மீ.க்கு மேல் கிட்னி கல்: முதுகில் துளையா, லேசரா, அதிர்வலையா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 22 எம்எம், 25 எம்எம் என்று வந்துவிட்டால் வாழைத்தண்டு ஜூஸை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயின் உள்அகலமே 3, 4 எம்எம்தான், அதில் இது எப்படி இறங்கும்? யூரிக் அமிலக் கல் மட்டும் விதிவிலக்கு, பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துக் கரைத்துப் பார்க்கலாம். கால்சியம் கல் அப்படிக் கரையாது.

அதிர்வலை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைப்பது. 1980இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். கத்தி கிடையாது, பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம், ஒரு செ.மீ. கல்லுக்கு அருமையான வழி. பெரிய கல்லை உடைத்தால் அத்தனை துண்டும் நீங்கள்தான் வெளியேற்றியாக வேண்டும், அவை குழாயில் வரிசைகட்டி அடைத்துக்கொண்டால் வலியோடு இன்னொரு ஆபரேஷன். சிடி ஸ்கேனில் அடர்த்தி 1000 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (ஸ்கேனில் அடர்த்தியைச் சொல்லும் அலகு) மேல் இருந்தாலோ, கல் சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தாலோ பலன் இன்னும் குறையும்.

ஆக, உண்மையான போட்டி பிசிஎன்எல்லுக்கும் ஆர்ஐஆர்எஸ்ஸுக்கும்தான். முதலாவதில் முதுகுப்பக்கம் விரல் பருமனுக்குத் துளை போட்டு, நேராகச் சிறுநீரகத்துக்குள் போய்க் கல்லை உடைத்து அங்கேயே எடுத்துவிடுகிறார்கள் (மினி பிசிஎன்எல் என்றால் துளை இன்னும் சிறியது). இரண்டாவதில் தையலே இல்லை, சிறுநீர் வரும் வழியிலேயே வளையும் கேமராவை ஏற்றி லேசரால் பொடியாக்குவார்கள்.

‘தழும்பில்லாத லேசர்’ என்றதும் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வது இயல்புதான். ஆனால் 2 செ.மீ. தாண்டிய கல்லுக்கு ஐரோப்பிய, அமெரிக்க சிறுநீரகவியல் சங்கங்கள் இரண்டுமே முதலில் சொல்வது பிசிஎன்எல். காரணம் எளிது: ஒரே தடவையில் கல் முழுவதும் போக வாய்ப்பு அதிகம். லேசரில் இரண்டு சிட்டிங் ஆகலாம், அப்படி ஆனால் மயக்க மருந்தும் பில்லும் இரண்டு முறை. அதனால் டாக்டரிடம் “தையல் உண்டா?” என்பதைவிட “எத்தனை சிட்டிங்?” என்று கேளுங்கள்.

பிசிஎன்எல்லில் பயப்பட வேண்டியது ரத்தப்போக்கு. சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும், சில நாள் ஆஸ்பத்திரி வாசமும் முதுகில் ட்யூபும் இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அதை நிறுத்தவே முடியாது என்றால், லேசர்தான் சரி, இரண்டு தடவை ஆனாலும் பரவாயில்லை. எந்த வழியாக இருந்தாலும் முன்னாடியே யூரின் கல்ச்சர் எடுத்து, கிருமி இருந்தால் மருந்து கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்லை உடைக்கும்போது கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

யாரும் முன்கூட்டியே சரியாகச் சொல்லாத சமாச்சாரம் டிஜே ஸ்டென்ட். இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய், சிறுநீர் தடையில்லாமல் இறங்க, லேசருக்குப் பிறகு பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயினுள் வைப்பார்கள், பிசிஎன்எல்லிலும் பல நேரம் உண்டு. அடிக்கடி சிறுநீர் முட்டும், சிறுநீர் போகும்போது விலாவில் சுண்டி இழுக்கும், கொஞ்சம் அதிகம் நடந்தால் சிவப்பாகவும் போகும். அதெல்லாம் சகஜம். ஆனால் வலி போனதும் அதை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்துவிடும், அப்புறம் அதை எடுக்கவே தனி ஆபரேஷன். டிஸ்சார்ஜ் ஆகும்போதே எடுக்கும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.