தக்கலைல இருந்து நாரோயில்: காரா, பைக்கா, பஸ்ஸா?

எனக்க அக்கா மவனுக்கு நாரோயில்ல (நாகர்கோவில்தான், எங்க பேச்சுல நாரோயில்) வேலை கெடச்சிருக்கு, வீடு தக்கலை பக்கம், சேர்ந்து ஒரு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள "மாமா, கார் எடுக்கட்டா, இல்ல பஸ்ஸே போதுமா"ன்னு வந்து நிக்கான். நான் இந்த ரோட்டுல மூணு விதமாவும் போயி அவஸ்தப்பட்டவன், அவனுக்கு சொன்னத அப்படியே இங்க போடுறேன்.

மொதல்ல காசு. ஒரு பக்கம் சுமாரா 15 கிலோமீட்டர்னு வச்சா போக வர 30, மாசம் 25 நாளுக்கு 750. பைக்கு லிட்டருக்கு 50 குடுத்தா 15 லிட்டர், பெட்ரோல 100 ரூவான்னு ரவுண்டா போட்டாலே 1500 ரூவா. காரு இந்த நெரிசல்ல 15 குடுத்தா பெரிய காரியம், 50 லிட்டர், 5000 ரூவா, அதுவும் வெறும் எண்ணெய்க்கு, இஎம்ஐ இன்சூரன்ஸ் எல்லாம் தனி. பஸ் டிக்கெட்டு பைக்குக்க பெட்ரோல் செலவுக்கும் கீழதான் நிக்கும். எனக்க வீட்டுக்காரிக்கு அந்த டிக்கெட்டும் கெடயாது, 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ஸுல பொம்பளையளுக்கு ஃப்ரீதானே. ஆனா ரூட்டு பஸ்ஸுல, அதாவது வெளியூர் பஸ்ஸுல, ஏறினா காசு குடுக்கணும், அதனால சீட்டு காலியா வர்ற ரூட்டு பஸ்ஸ விட்டுட்டு டவுன் பஸ்ஸுக்காக கால் கடுக்க நிப்பா.

நேரம்னு பாத்தா கார்தான் மோசம், கேட்டா யாரும் நம்ப மாட்டானுவ. புலியூர்க்குறிச்சி, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடைன்னு வரிசையா வளைவும் ஜங்ஷனும், காலைல காலேஜ் பஸ்ஸு, ஸ்கூல் வேன், எடையில ஒரு டாரஸ் லாரி பைய ஏறிட்டு போச்சுன்னா அதுக்க பின்னாடி எல்லாரும் ஒண்ணுதான், காரும் பஸ்ஸும் ஒரே வேகம், பைக்கு மட்டும் எடுத்துட்டு போயிரும். பார்வதிபுரத்துல பாலம் வந்ததுல அந்த ஜங்ஷன் தப்பிச்சுது, ஆனா எறங்கி வெட்டூர்ணிமடம் வடசேரின்னு போனா மிச்சம் பிடிச்ச நேரத்த அங்க குடுத்துருவோம். பொறவு பார்க்கிங். வேப்பமூடு, கோர்ட் ரோடு பக்கம் காரு விட எடம் தேடுத நேரத்துல ஒரு சாயா குடிச்சு முடிச்சிரலாம். நான் ஒரு நாள் ரெண்டு சுத்து சுத்தியும் எடம் கெடைக்காம, கடைசியில ஒரு தெருவுக்குள்ள விட்டுட்டு நடந்ததுக்கு பஸ்ஸுலயே வந்திருக்கலாம்.

பஸ்ஸுல போறவன் மொதல்ல பாக்க வேண்டியது, எந்த ஸ்டாண்டுல எறங்குறோம்னுதான். வெளியூர் பஸ்ஸு வடசேரிக்கு போவும், டவுன் பஸ்ஸு மீனாட்சிபுரத்துல அண்ணா பஸ் ஸ்டாண்டுக்கு. மருமவனுக்கு ஆபீஸு மணிமேடை பக்கம், அவனுக்கு அண்ணா ஸ்டாண்டு நடந்துபோற தூரம், வடசேரில எறங்கினா மறுபடி ஒரு பஸ்ஸு ஏறணும். இத யோசிக்காம வர்ற பஸ்ஸுல ஏறிட்டு "பஸ்ஸு லேட்டு"ன்னு குத்தம் சொன்னா என்ன செய்ய?

சாயங்காலம் ஸ்டாண்டுல கூட்டம் சொல்லாண்டாம், பஸ்ஸு நிக்கதுக்கு முன்ன ஜன்னல் வழியா கர்சீஃப், டிபன் பை, ஒருத்தன் ஹெல்மெட் போட்டு சீட்டு பிடிச்சதயும் பாத்திருக்கேன் (ஹெல்மெட் இருக்குறவன் ஏன் பஸ்ஸுல வந்தான்னு இன்னும் புரியல்ல).

பைக்கு நல்லதுதான், மழை வராத வரைக்கும். நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசிலயும் மழை. கோட்டு போட்டாலும் கழுத்து வழியா எறங்கி உள்சட்டை வரைக்கும் நனையும், ஹெல்மெட் கண்ணாடில தண்ணி ஒழுகி எதிர்ல வர்ற லைட்டு நாலா தெரியும், அந்த மழை மாசத்துல எல்லாம் நான் பஸ்ஸுதான். ராத்திரி லேட்டாவுற நாளு மட்டும் பைக்கு, பஸ்ஸு கொறஞ்சிரும்லா.

ட்ரெயின் இந்த கணக்குலயே வராது. தக்கலைக்காரன் இரணியல் ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, நாரோயில் ஜங்ஷன் ஸ்டேஷன் இருக்க கோட்டார்ல எறங்கி இன்னொரு வண்டி. திருவனந்தபுரம் வேலைக்கு போறவனுக்கு அது சரி.

அதனால மருமவன்கிட்ட சொன்னது இதுதான்: மக்கா, ரெண்டு வாரம் எட்டு மணிக்கு முன்ன தக்கலை ஸ்டாண்டுல வந்து நில்லு, டவுன் பஸ்ஸுல அண்ணா ஸ்டாண்டு வரைக்கும் போ, லேட்டாவுற நாளு எனக்க பைக்க எடுத்துக்க. கார் லோன் பேப்பர்ல அதுக்க பொறவு கையெழுத்து போடலாம். தலைய ஆட்டினான், பைக்கு சாவிய மட்டும் அன்னைக்கே வாங்கிட்டு போயிட்டான்.