மஞ்சள் அம்பாசடருக்குத் துரு ஏற்றுவது: வருடக்கணக்கில் நின்றவையும் உதிர்ந்தவையும்

கொல்கத்தா மஞ்சள் டாக்சிகளை 1:43 அளவில் டயோராமாவாக (தெருக்காட்சி போன்ற சிறு மாதிரிக் காட்சியாக) செய்து வருகிறேன். உத்தரபாரா ஆலையில் 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. 15 வருடம் தாண்டிய வாடகை வண்டிகள் அந்த நகரத்தில் ஓடக் கூடாது என்பதால் மிச்சமிருப்பவையும் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு அந்த வண்டி ஓடி ஓடித் தேய்ந்த கோலத்தில்தான் பிடிக்கும். மாடலோ பெட்டியிலிருந்து ஷோரூம் பளபளப்போடு வரும். அதைப் பழசாக்க நான் வாங்கிய பொருட்களில் எவை நின்றன என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். டைகாஸ்ட் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்த) மாடலின் உடம்பு துத்தநாகக் கலவை. சுரண்டினால் சாம்பல் நிற உலோகம்தான் தெரியும், செம்பழுப்புத் துரு வராது. ஆகவே துரு முழுவதையும் பெயின்ட்டில்தான் கொண்டுவர வேண்டும். அந்தப் பெயின்ட் பிடிக்க, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அவசியம். பாத்திரம் கழுவும் சோப்பில் உடம்பைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெல்லியதாக இரண்டு கோட் அடித்த பிறகுதான் மற்ற வேலை. இந்த வார்னிஷுக்கு நான் பெரும்பாலும் டாமியா டிஎஸ்-80 ஸ்பிரே பயன்படுத்துகிறேன். இத்தனை வருடத்தில் மஞ்சளாக மாறவில்லை. மழைக்காலத்தில் மட்டும் கேனைத் தொடவே மாட்டேன். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் கோட் வெளிறிப் பால் போல ஆகிவிடும்.

அடுத்து அளவு. 1:43-ல் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜ வண்டியில் 4 செ.மீ.க்கும் மேல். பத்து செ.மீ. நீள மாடலில் அரிசி அளவுக்கு ஒரு பெயின்ட் உரிசலைப் போட்டால், நிஜத்தில் அது உள்ளங்கையை விடப் பெரிய ஓட்டை. பல மாடல்கள் கெட்டுப்போவது இங்கேதான். அதனால் ஹேர்ஸ்பிரே முறையை இந்த அளவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துரு நிறத்தின் மேல் ஹேர்ஸ்பிரே, அதன் மேல் அக்ரிலிக் மஞ்சள், பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்த்து உரிப்பது என்பது 1:24, 1:18 வண்டிகளில் அற்புதமாக வரும். சின்ன வண்டியில் உரிசல் கைக்கு அடங்காது. அதற்குப் பதில் பேக்கிங் ஸ்பாஞ்சைச் சின்னதாகப் பிய்த்து, அடர் பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி நிறமே இல்லாத மாதிரி ஆன பிறகு விளிம்புகளில் மட்டும் தட்டுங்கள். செலவே கிடையாது.

என் மேசையில் அதிகம் உழைத்தது ஆயில் பெயின்ட்தான். கேம்லின் பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், இரண்டு டியூப் போதும். முதலில் அட்டையில் பிதுக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பெயின்ட் மினுங்காமல் காயும். ஹெட்லைட் வளையத்துக்குக் கீழே குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் துடைத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பில் பாதி நிறம் போய்விடும். அந்த மிச்சம்தான் நமக்கு வேண்டிய துருக் கசிவு. பிடிக்கவில்லையா, அன்றைக்கே துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். அடியில் உள்ள பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. முழுதாகக் காயப் பல நாள் பிடிக்கும், அதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் காய்ந்த பின் வார்னிஷ் அடித்தாலும் நிறம் மாறாமல் நிற்பது இது ஒன்றுதான்.

மாடலைப் பழசாகக் காட்டத் தடவும் டாமியா வெதரிங் மாஸ்டர் பி செட்டில் பனி, புகைக்கரி, துரு என மூன்று நிறம். லேசான பசை இருப்பதால் மேட் பரப்பில் நன்றாக ஒட்டும், ஒரு டப்பா வருடக்கணக்கில் வரும். புகைக்குழாய் பக்கம் கரி ஏற்ற இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. குறை என்னவென்றால், விரல் பட்ட இடத்தில் அழியும். வார்னிஷ் அடித்தால் பாதி மங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாடலுக்குப் பரவாயில்லை, அடிக்கடி கையில் எடுப்பதற்குச் சரிப்படாது. பிக்மென்ட் பவுடரும் (நிறத் தூள்) இப்படித்தான், அதை ஒட்டவைக்கும் ஃபிக்சர் திரவம் சொட்டாமல் விட்டால் மெல்ல மெல்ல உதிர்ந்து தரையில் கிடக்கும்.

பேனல் லைன் அக்சென்ட் போன்ற எனாமல் வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த எனாமல் பெயின்ட்) வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெயின்ட் இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக்கில், குறிப்பாக ஸ்க்ரூ இறுக்கிய இடத்தில், தின்னர் உள்ளே இறங்கி விரிசல் விடும்.

எங்கே துரு போடுவது என்பதற்குப் பழைய வண்டிகளின் புகைப்படங்களைத்தான் பார்ப்பேன். தண்ணீரும் சேறும் தங்கும் இடம்தான் முதலில் அரிக்கும்: கூரை ஓரத் தண்ணீர் வரம்பு, கதவின் அடி, சக்கர வளைவின் உள்விளிம்பு, டிக்கி மூடியின் கீழ்ப்பகுதி. கூரையின் மேலும் பானெட்டின் மேலும் துரு வேண்டாம். அங்கே வெயில் வேலை செய்திருக்கும், மஞ்சளோடு கொஞ்சம் வெள்ளை கலந்து மெலிதாக வெளிற வைத்தால் போதும்.

டயர் புழுதிக்கு மட்டும் எதுவும் வாங்குவதில்லை. டயோராமாத் தரைக்குப் போட்ட அதே மண்ணை மெல்லிய துணியில் சலித்து, டயர் பள்ளங்களில் தூரிகையால் தேய்க்கிறேன்.