தி சிம்ப்சன்ஸ்: குலசேகரத்து வீட்டில் பல வருடப் பழக்கம்

கார்ட்டூன் சிறுபிள்ளைகளுக்கானது என்று ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற இந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை ஒதுக்கி வைத்திருப்பவர்கள், 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான முதல் கதையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அது ஒரு கிறிஸ்துமஸ் கதை. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமருக்கு அந்த ஆண்டு போனஸ் கிடையாது. மனைவி மார்ஜ் சேர்த்து வைத்திருந்த பணமோ, மகன் பார்ட் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கச் செலவாகிவிடுகிறது. போனஸ் இல்லை என்று வீட்டில் சொல்ல வாய் வராமல் ஹோமர் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடப் போகிறார். பயிற்சிக்கு, உடைக்கு, தாடி வாடகைக்கு என்று பிடித்தது போக அவர் கைக்கு வருவது 13 டாலர்.

இந்த இடத்தில் என் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். மழை விடாமல் பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். வாசலில் ஸ்டார் கட்டி, குடில் வைக்க வேண்டிய மாதத்தில் கையில் காசில்லாமல் நிற்பது என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. “தாடிக்குமா பிடித்தம்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். இன்றும் எங்கள் வீட்டில் அப்படித்தான் பார்க்கிறோம்.

பல ஆண்டுகள் பார்த்த பிறகு எனக்குப் படுவது இதுதான்: இந்தத் தொடரின் நகைச்சுவை வீட்டுக் கணக்கிலிருந்து பிறக்கிறது. யாருக்கு என்ன செலவு, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது எப்போதும் கதைக்குள் இருக்கிறது. பின்னணியில் சிரிப்பொலி போட்டு எங்கே சிரிக்க வேண்டும் என்று காட்டுவதில்லை. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1995-இல் வந்த ஒரு கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடன்களை அடைத்துவிட்டு, வெறுத்துப்போன வேலையை உதறி, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும், தனக்குப் பிடித்த பௌலிங் கூடத்தில் ஹோமர் சேர்கிறார். அப்போது மூன்றாவது குழந்தை உண்டாகிறது. அந்தச் சம்பளம் போதாது. பழைய முதலாளியிடமே திரும்பிப் போகிறார். ‘மறந்துவிடாதே, இங்கேதான் உன் ஆயுள் முழுக்க’ என்று அந்த முதலாளி அவர் மேசைக்கு எதிரே ஒரு பலகை அடித்து வைக்கிறார். வீட்டு ஆல்பத்தில் அந்தக் குழந்தை, குட்டி மேகியின் படம் ஒன்றுகூட ஏன் இல்லை என்ற கேள்விக்கு அங்கேதான் விடை. படங்களையெல்லாம் ஹோமர் அந்தப் பலகையில் ஒட்டியிருக்கிறார். மறையாமல் மிஞ்சிய ஆங்கில எழுத்துகள் ‘அவளுக்காகச் செய்’ என்று நிற்கின்றன. அப்பா அன்று ஒன்றும் பேசவில்லை, இன்னொரு முறை போடச் சொன்னார்.

ஹோமர் வீட்டார் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்பதும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நெருக்கமான விஷயம். 1992-இல் வந்த கதையில் ஹோமர் ஆராதனைக்குப் போகாமல் வீட்டில் தங்கிவிட, வீடு தீப்பற்றுகிறது. உள்ளே புகுந்து காப்பாற்றுகிறவர், ஹோமர் எப்போதும் எரிச்சலோடு நடத்தும் பக்கத்து வீட்டு பிளாண்டர்ஸ். உதவிக்கு வந்தவர்களைப் போதகர் கிறிஸ்தவர், யூதர் என்று சொல்லிக்கொண்டே வந்து, இந்தியரான கடைக்கார அப்புவை ‘இதர வகை’ என்கிறார். தாம் இந்து என்றும், தம்மைப் போல் 70 கோடிப் பேர் இருப்பதாகவும் அப்பு பதில் சொல்வார். கோயிலும் தேவாலயமும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் இதற்கு எழுகிற சிரிப்பே தனி.

ஆனால் அப்புவின் பேச்சு எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஹேங்க் அசேரியா என்ற அமெரிக்க நடிகர் கொடுத்த குரல் அது. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் அந்த உச்சரிப்பாலேயே கேலிக்கு ஆளாகியிருக்கிறார்கள். 2020-இல் அவர் அந்தக் குரலைக் கைவிட்டது சரியான முடிவு.

700 கதைகளைத் தாண்டிவிட்ட தொடரில் எல்லாமே தேறாது. பிந்திய சீசன்களில் பிரபலங்கள் வந்து தலைகாட்டிப் போகிறார்கள், குடும்பம் பின்னுக்குப் போய்விடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றாவது சீசனிலிருந்து எட்டாவது வரை பார்த்தால் போதும். பூனையும் எலியும் வெட்டிக்கொள்ளும் துண்டுக் கார்ட்டூன் நடுவில் வரும். மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், பேச்சு வேகமாகப் போகும். கடைப் பலகைகளில் எழுதியிருப்பதைப் படிக்க அவ்வப்போது நிறுத்துங்கள். பாதி நகைச்சுவை அங்கேதான் இருக்கிறது.