‘8 கிலோ வாஷர் ட்ரையர்’ என்று பில் போட்டால் எட்டு கிலோவும் காயாது: வாங்கும் முன் படியுங்கள்

வாஷர் ட்ரையர் என்பது துவைப்பதையும் சூடான காற்றில் காயவைப்பதையும் ஒரே ட்ரம்மில் செய்யும் மெஷின். அப்படி ஒரு மெஷின் முகப்பில் ‘8/5’ என்று ஒட்டியிருந்தது. அந்த அஞ்சு என்ன என்று வாங்க வந்த பெண் கேட்டிருக்கிறார். “ட்ரை ப்ரோகிராம் அஞ்சு இருக்கு மேடம்” என்று கடையில் பதில். பில்லில் ‘8 கிலோ வாஷர் ட்ரையர்’ என்று மட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

சென்னையில் பால்கனி இல்லாத மேல்மாடி வீடு, மூன்று பேர், ஐப்பசி மழை. முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டபுள் பெட்ஷீட், மூன்று ஜீன்ஸ், சட்டைகள், துண்டுகள் எல்லாவற்றையும் திணித்து வாஷ், ட்ரை இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். ஆறரை மணி நேரம் ஓடியது. கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கிறது. பெட்ஷீட் உருண்டைக்குள் சட்டைகள் சுருண்டு கிடக்கின்றன, பிழிந்தால் சொட்டாத குறைதான். புகாருக்கு வந்தவர் “லோடு குறைச்சுப் போடுங்க” என்று சொல்லி, புகாரை மூடிவிட்டுப் போனார். வாரண்டி முடிந்த மூன்றாம் ஆண்டில் சூடு வருவதே நின்றது. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று பதினோராயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு புது போர்டு மாட்டினார்கள். துணி அப்போதும் காயவில்லை. அடைத்திருந்தது பஞ்சு.

முதலில் அந்த ‘அஞ்சு’. 8/5 என்றால் எட்டு கிலோ துவைக்கலாம், ஐந்து கிலோ காயவைக்கலாம். இரண்டும் உலர்ந்த துணியின் எடை. ட்ரம் ஒன்றுதானே என்று தோன்றும். துவைக்கும்போது துணி நீரில் ஊறிப் புரண்டால் போதும். காயும்போது மேலே போய் விழ வேண்டும், விழும் இடைவெளியில் சூடான காற்று புகுந்து வெளியே வர வேண்டும். ட்ரம் பாதிக்கு மேல் நிரம்பினால் காற்று வெளிப்பக்கத்தை மட்டும் தடவிவிட்டுப் போகும். அதனால்தான் சட்டைக் கை காய்ந்திருக்கும், ஜீன்ஸ் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும்.

ஐந்து கிலோ எவ்வளவு என்பது கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம். காட்டன் டபுள் பெட்ஷீட் ஒரு கிலோவை ஒட்டி வரும். தடித்த டர்க்கித் துண்டு அரை கிலோ, சட்டை 200 முதல் 250 கிராம். ஆக இரண்டு ஜீன்ஸ், ஒரு பெட்ஷீட், நாலு சட்டை, இரண்டு துண்டு, உள்ளாடைகள். அவ்வளவுதான், ஐந்து கிலோவைத் தொட்டுவிட்டது. லக்கேஜ் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று வாங்கி, ஒரு வாரத் துணியைப் பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை அது.

எட்டு கிலோவைத் துவைத்து, பாதியை வெளியே எடுத்துவிட்டு மீதியைக் காயவைக்கலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் எடுத்த ஈரத்துணி பக்கெட்டில் மூன்று மணி நேரம் காத்திருக்கும், மழைக்காலத்தில் அதிலேயே ஊளை வாடை வந்துவிடும். அதைவிட முதலிலேயே நாலு கிலோ போடுவது மேல்.

இன்னொரு ஏமாற்று ‘ட்ரையர்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் ஊரில் செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் துணி பிழியும் சின்ன டப்பை ‘ட்ரையர்’ என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தப் பழக்கம் விற்பவர்களுக்கு வசதி. டாப் லோடில் ‘ஏர் ட்ரை’, ‘டர்போ ட்ரை’ என்று எழுதியிருக்கும். காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கூடுதல் நேரம் சுற்றுவதுதான் அது, ஹீட்டர் கிடையாது. ஃப்ரன்ட் லோடில் ‘இன்பில்ட் ஹீட்டர்’ இருக்கும். அது துவைக்கும் தண்ணீரைச் சூடாக்க. அந்த ஹீட்டரைக் காட்டி “ட்ரை ஆகிடும் சார்” என்று விற்றால் அது சுத்தமான பொய். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ட்ரையிங் கெபாசிட்டி எத்தனை கிலோ? கிலோக் கணக்கு சொல்ல முடியவில்லை என்றால் அதில் ட்ரையர் இல்லை.

அடுத்தது, கடையில் யாரும் வாய் திறக்காத விஷயம். வாஷர் ட்ரையர்களில் பல மாடல்கள் துணி காயவைக்கவும் தண்ணீர் செலவழிக்கும். சூடான காற்று துணியின் ஈரத்தை எடுத்துக்கொண்டு ட்ரம்மின் பின்னால் உள்ள டக்ட் என்ற காற்றுப் பாதை வழியாகப் போகும். அங்கே குழாய்த் தண்ணீர் மெல்லிய தாரையாக ஒழுகிக்கொண்டிருக்கும். அந்தக் குளிர்ச்சியில் ஆவி நீராகி ட்ரெயினில் இறங்கும், காய்ந்த காற்று மறுபடி ஹீட்டருக்குப் போகும். மாடலைப் பொறுத்து ஒரு லோடு காய்வதற்குள் பல பக்கெட் தண்ணீர் போய்விடும். லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆவியைக் காற்றால் குளிரவைக்கும் ஏர் கண்டென்சிங், ஆவியின் சூட்டையே மறுபடி பயன்படுத்தும் ஹீட் பம்ப் ஆகிய வகைகளுக்கு இந்தத் தண்ணீர் தேவையில்லை. எந்த வகை என்று பெட்டியில் பெரும்பாலும் தெரியாது, கையேட்டில்தான் இருக்கும்.

இந்த அமைப்பு நம் மொட்டைமாடித் தொட்டியோடு மூன்று இடத்தில் முட்டுகிறது. துவைத்து முடித்ததும் குழாயை மூடுவது நம் வீடுகளில் பழக்கம். மூடினால் டக்டில் தண்ணீர் வராது, ஆவி துணிக்கே திரும்பிவிடும். அடுத்து அழுத்தம். அதை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள்; தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் ஒரு பார். மேல்மாடி வீட்டுக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே இரண்டரை மீட்டர்தான் என்றால் கால் பார். பெரும்பாலான கையேடுகள் 0.3 அல்லது 0.5 பார் குறைந்தபட்சம் கேட்கின்றன. மெஷின் குழாயில் பத்து லிட்டர் வாளி நிரம்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் துவைப்பு எப்படியோ நடந்துவிடும், காய்வது இழுக்கும். சின்ன பிரஷர் பம்ப் வைத்தால் தீரும். வால்வு நுழைவாயில் சல்லடையில் போர் தண்ணீரின் சுண்ணாம்பும் மணலும் அடைத்திருந்தாலும் இதே தொல்லைதான். குழாயைக் கழற்றி, சல்லடையைக் குறடால் இழுத்து, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். மூன்றாவது, சித்திரை வெயில். நண்பகலில் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. சுடுதண்ணீரைக் கொண்டு ஆவியைக் குளிரவைக்க முடியாது. கோடையில் ட்ரை போடுவதென்றால் விடியற்காலையில் போடுங்கள். (கோடையில் எதற்கு ட்ரை என்று கேட்பவர்கள் கட்சியில்தான் நாமும்.)

அந்த வீட்டில் முதல் புகாருக்கு வந்தவர் லோடைக் குறைக்கச் சொன்னது சரிதான். எத்தனை கிலோவாக என்று சொல்லவில்லை. குழாய் திறந்திருக்கிறதா, வாளி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்க்கவும் இல்லை.

இப்போது பஞ்சு. தனி ட்ரையரில் பஞ்சு வடிகட்டி ஒன்று இருக்கும், ஒவ்வொரு முறையும் உருவிச் சுத்தம் செய்யலாம். வாஷர் ட்ரையர்களில் பெரும்பாலும் அது கிடையாது. துண்டிலிருந்தும் லுங்கியிலிருந்தும் உதிரும் பஞ்சு தண்ணீரோடு ட்ரெயினுக்குப் போய்விடும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. பாதி போகிறது. மீதி டக்டின் வளைவில், விசிறியின் இதழ்களில், ஹீட்டர் பெட்டியின் வாயில் ஈரமாக ஒட்டி, சூட்டில் காய்ந்து அட்டைபோல் ஆகிவிடும். காற்றோட்டம் குறையும், ஹீட்டர் அளவுக்கு மீறிச் சுடும், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் கட்-அவுட் அறுந்துவிடும். அதன் பிறகு சூடே வராது; மெஷின் மணிக்கணக்கில் வெறுமனே சுற்றும், இல்லையென்றால் எரர் காட்டி நிற்கும். அதற்கு முன்பே அறிகுறி தெரியும். ட்ரை நேரம் மாதா மாதம் கூடும், லேசான தீய்ந்த வாடை வரும், கதவு ரப்பரின் மடிப்பில் சாம்பல் நிறப் பஞ்சு திரளும்.

ஒவ்வொரு ட்ரைக்குப் பிறகும் ஈரத்துணியால் அந்த ரப்பர் மடிப்பைத் துடையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீழே உள்ள பம்ப் ஃபில்டர்: பிளக்கைப் பிடுங்கி, மெஷின் ஆறியதும், தட்டையான தட்டு ஒன்றை வைத்து, சின்னக் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே தண்ணீரை வடித்துவிட்டு, மூடியை இடப்பக்கம் மெல்லத் திருகி எடுத்துக் கழுவுங்கள். ட்ரம்மைக் காலியாக ஓட்டிப் பஞ்சு கழுவும் ப்ரோகிராம் கையேட்டில் இருந்தால் மாதம் ஒருமுறை அதைப் போடுங்கள். டக்ட், விசிறி, ஹீட்டர் பெட்டி மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்வது மெக்கானிக் வேலை; அடிக்கடி ட்ரை போடும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும். இதை வாரண்டியில் செய்து தர மாட்டார்கள், ‘பராமரிப்பு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். வாங்கும்போதே கட்டணத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு வரவில்லை என்று கூப்பிட்டால், வருபவர் போர்டைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரின் இரு முனையிலும் ஓம் அளக்கட்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி ஹீட்டரின் வாட்டால் வகுத்தால் வர வேண்டிய எண் கிடைக்கும்: 2000 வாட் என்றால் சுமார் 26 ஓம், 1200 வாட் என்றால் சுமார் 44. அது சரியாக இருந்தால் கட்-அவுட் வழியே கரண்ட் போகிறதா, அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். பிறகு வெப்ப சென்சார், பிறகு விசிறி கையால் சுற்றினால் சுற்றுகிறதா. இத்தனையும் சரியாக இருந்தால்தான் போர்டு. அந்த வீட்டில் அறுந்திருந்தது கட்-அவுட். அது போர்டோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. அதை மட்டும் மாற்றிப் பஞ்சை விட்டுவைத்தாலும் மறுபடி அறுந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் பாகத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பழையதைத் தர மறுப்பவரிடம் புதியதை மாட்டவும் விடாதீர்கள்.

‘10 வருட வாரண்டி’ என்பது மோட்டாருக்கு. காயவைக்கும் வேலையில் கெட்டுப்போவது ஹீட்டர், விசிறி, சென்சார், போர்டு. இவை பொது வாரண்டிக் காலத்தோடு முடிந்துவிடும். கடை விற்கும் நீட்டிப்பு வாரண்டி பல நேரம் கம்பெனியுடையதே அல்ல.

மின்சாரம். 1400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1400 சுற்றில்) பிழிந்த ஐந்து கிலோ காட்டனில் இரண்டரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டரை ஆவியாக்க 0.63 யூனிட் கட்டாயம் வேண்டும், இயற்பியல் இதில் தள்ளுபடி தராது. ஆக ஒன்றரை யூனிட்டுக்குக் குறைந்து முடியவே முடியாது. ஹீட்டர் வகையில் நடைமுறையில் மூன்று முதல் நாலு யூனிட். ஹீட் பம்ப் வகையில் ஆவியின் சூட்டை மறுபடி பிடித்துக்கொள்வதால் மட்டும் இது குறைகிறது, விலை அதற்கேற்ப ஏறுகிறது. ஸ்பின்னை 800-ல் வைத்துவிட்டு ட்ரை போட்டால் இன்னும் ஒரு லிட்டரைக் கரண்ட் செலவழித்து விரட்ட வேண்டும். வாரம் நாலு லோடு என்றால் இரண்டு மாதத்தில் 120 யூனிட் போல ஏறும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறும், எனவே விளிம்பில் இருக்கும் வீடு பார்த்து நடக்க வேண்டும்.

பிளக் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிப்போகும். கீசரும் அதே லைனில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

அப்படியானால் சின்ன வீட்டுக்கு இது தண்டமா? ஒருவரோ இருவரோ மட்டும், ஒரு தடவைக்கு மூன்று கிலோ, கொடி கட்ட இடமே இல்லை, குழாயில் நல்ல அழுத்தம், பஞ்சு சுத்தம் செய்ய ஆளும் பொறுமையும் உண்டு என்றால் வாங்கலாம். நாலு பேர் குடும்பத்துக்கு வேண்டாம். ஒரு லோடு ஐந்தாறு மணி நேரம் மெஷினைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் அடுத்த மூட்டை சேர்ந்துவிடும். அவர்களுக்கு 1400 ஆர்பிஎம் சாதாரண ஃப்ரன்ட் லோடு, கூடுதல் ஸ்பின் ஒன்று, கயிறு இழுத்து ஏற்றும் சீலிங் ஹேங்கர், அதன் கீழ் ஒரு ஃபேன். மழைக்காலத்திலும் மெல்லிய துணிகள் மறுநாளைக்குள் காய்ந்துவிடும். பட்டுப் புடவை எந்த ட்ரையருக்குள்ளும் போகக் கூடாது.

வாங்குவதென்றே முடிவு செய்தால், பணம் கட்டும் முன் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “இந்த மாடல் எத்தனை கிலோ காயவைக்கும்? காயவைக்கத் தண்ணீர் தேவையா?” பதில் எழுத்தில் இருந்தால் பின்னால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் அதுவே சாட்சி. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

மாட்ட வருபவர் இருபது நிமிடம் துவைப்பை ஓட்டிக் காட்டிவிட்டு, டெமோ முடிந்தது என்று கையெழுத்துக் கேட்பார். படிவத்தில் ‘உலர்ப்பு சோதிக்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, கையேட்டில் சொன்ன உலர்ப்பு அளவுக்குள் காய்ந்த துணியை நிறுத்துப் போட்டு, துவைத்துக் காயவைத்து, ஆறியதும் மறுபடி நிறுங்கள். மூன்று கிலோ போட்டது மூன்றரையாக வந்தால் அரை லிட்டர் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. தராசுப் படத்தோடு அன்றே புகார் எண் வாங்குங்கள், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள்.