நாமிக் புராஜெக்ட் வீக்: திட்டமிடலிலேயே பாதி வேலை முடிந்துவிடும் ஒரு கூட்டம்

மருத்துவப் படிம மென்பொருள் துறையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு கூட்டத்துக்கு மட்டுமே போக முடியும் என்றால் எதற்குப் போகலாம் என்று கேட்டால், மருத்துவப் படிமக் கணினியியலுக்கான அமெரிக்கக் கூட்டமைப்பான நாமிக்கின் புராஜெக்ட் வீக்கையே நான் சொல்வேன். சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்களைத் திறந்து, உறுப்புகளைப் பிரித்துக் காட்டி, அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் வழிகாட்டும் மென்பொருள்களை எழுதுகிறவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே கூடத்தில் மடிக்கணினியோடு அமர்ந்து, தத்தம் திட்டங்களில் வேலை செய்கிறார்கள். கட்டுரை வாசிப்பும் சுவரொட்டி அரங்கும் அங்கே கிடையாது. கூட்டம் நல்லபடியாக முடிவதற்கான காரணம் அதற்கு முந்தைய வாரங்களில் நடக்கும் திட்டமிடலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கணிப்பு. ஆகையால் இந்த மதிப்புரையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்.ஐ.எச். 2004-இல் தொடங்கிய உயிர்மருத்துவக் கணினியியல் மையங்களில் ஒன்றாக நாமிக் உருவாயிற்று. பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனையின் ரான் கிகினிஸ் அந்த மையத்தின் தலைவராக இருந்தார். முதல் புராஜெக்ட் வீக் 2005-ஆம் ஆண்டுக் கோடையில், பாஸ்டனை அடுத்துள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. பின்னர் கோடையில் எம்.ஐ.டி., ஜனவரியில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி என ஆண்டுக்கு இருமுறை கூடும் வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. மையத்துக்கான நிதிக்காலம் முடிந்த பிறகும் கூட்டம் நிற்கவில்லை. ஒரு மானியத்தை நம்பித் தொடங்கிய கூட்டம் அந்த மானியத்தைத் தாண்டி வாழ்வது நம் துறையில் அரிது என்பதால், இதை அதன் தகுதிக்கு ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படி ஒரு கூட்டம் ஏன் தேவைப்படுகிறது என்பதை இத்துறையில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மருத்துவப் படிமங்களைச் சேமிக்கவும் பரிமாறவும் பயன்படும் டைகாம் தரநிலையில், நோயாளியின் உடலில் இடத்தைக் குறிக்கும் எண்களான ஆயங்கள் இடப்பக்கம், முதுகுப்பக்கம், தலைப்பக்கம் ஆகிய திசைகளில் கூடிச் செல்லும், படிமங்களைக் கையாளும் ஐ.டி.கே. நிரலகமும் அதையே பின்பற்றுகிறது. இந்தக் கூட்டத்தின் மையமான திறமூலப் படிம மென்பொருள் 3டி ஸ்லைசர் தன்னுள்ளே வலப்பக்கம், முன்பக்கம், தலைப்பக்கம் என்ற முறையை வைத்திருக்கிறது. ஆகவே ஒரு புள்ளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் முதல் இரண்டு எண்களின் குறி மாற வேண்டும். ஒரு கோப்பை எழுதும் நிரல் குறியை மாற்றி, படிக்கும் நிரல் மாற்றாமல் விட்டால், வலது மூளையில் உள்ள கட்டி இடது மூளையில் தெரியும். எழுதும் நிரலின் பொறுப்பாளர் ஒரு நகரத்திலும், படிக்கும் நிரலின் பொறுப்பாளர் வேறொரு கண்டத்திலும் இருந்தால், இருவர் நிரலும் தனித்தனியே பார்க்கும்போது சரியாகவே தோன்றும். மின்னஞ்சலில் மாதக்கணக்கில் இழுபடக்கூடிய இத்தகைய சிக்கல், இருவரும் ஒரே மேசையில் ஒரே கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு பிற்பகலில் தெளிந்துவிடும். ஸ்லைசர் என்பது வி.டி.கே., ஐ.டி.கே., கியூ.டி., பைத்தான் எனப் பல அடுக்குகளின் மேல் நிற்கும் மென்பொருள். அடுக்குகள் சந்திக்கும் இடங்களில்தான் பிழைகள் தங்குகின்றன, அந்தந்த அடுக்கைக் காப்பவர்களை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் காண்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இனித் திட்டமிடலுக்கு வருகிறேன். கலந்துகொள்ள விரும்பும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு திட்டத்தில் தம் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள எதிர்பார்ப்பு. ஒவ்வொரு திட்டத்துக்கும் பொதுவில் எவரும் படிக்கக்கூடிய ஒரு பக்கம் உண்டு. முதல் ஆண்டுகளில் நான்கு கட்டங்களாகப் பிரித்த ஒரே ஒரு ஸ்லைடு அதற்குப் பயன்பட்டது. இப்போது நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரே வார்ப்பில் அமைந்த பக்கங்கள் இருக்கின்றன. முதன்மை ஆய்வாளர்கள், திட்ட விவரம், நோக்கம், அணுகுமுறையும் திட்டமும், முன்னேற்றமும் அடுத்த படிகளும், விளக்கப் படங்கள், பின்னணி ஆகியவையே அதன் தலைப்புகள். இவற்றுள் நோக்கமும் அணுகுமுறையும் கூட்டத்துக்கு முன்பே நிரப்பப்பட வேண்டும். முன்னேற்றம் என்ற பகுதி வெள்ளிக்கிழமைக்காகக் காலியாகக் காத்திருக்கும். அந்த ஒரு காலி இடம் செய்யும் வேலை பெரிது. ஐந்து நாளில் எதை முடிக்க முடியும் என்று எண்ணிப் பார்க்காமல் நோக்கத்தை எழுதினால், வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அந்த இடத்தில் எழுத ஒன்றும் இருக்காது. எனவே ‘கல்லீரலைத் தானாகப் பிரித்தெடுத்தல்’ என்று பரந்து தொடங்கும் முன்மொழிவு, கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் ‘ஏற்கெனவே பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு மாதிரி பிரித்துத் தந்ததை டைகாம் வடிவில் சேமித்து, வேறொரு காட்சிக் கருவியில் திறந்து சரிபார்த்தல்’ என்ற அளவுக்குச் சுருங்கி வர வேண்டியிருக்கிறது. முதல் வடிவத்தில் இருந்து இரண்டாவது வடிவத்துக்கு வருவதற்குள் தேவைப்படும் தரவு எது, அதில் நோயாளியின் அடையாளம் நீக்கப்பட்டதா, யாருடைய உதவி வேண்டும் என்பன எல்லாம் பேசி முடிக்கப்பட்டுவிடுகின்றன.

இந்தச் சுருக்கத்தை நடத்தி வைப்பவை, கூட்டத்துக்கு முன் சில வாரங்களாக வாரந்தோறும் நடக்கும் ஆயத்த அழைப்புகள். புதியவர்கள் தம் எண்ணத்தைச் சொல்ல, அனுபவசாலிகள் இதே வேலையில் இன்னொருவர் இருக்கிறார், அவரோடு சேருங்கள் என்று இணைத்து வைக்கிறார்கள். இரண்டு சிறு திட்டங்கள் ஒன்றாவதும், ஒரு பெரிய திட்டம் பிரிக்கப்படுவதும் இங்கேதான். எவ்வளவு நல்ல கூடமும் விருந்தும் ஏற்பாடு செய்தாலும் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலைக்கு ஈடாகாது. தம் அனுபவத்தை அமைப்பாளர்கள் டீனா கபூர் முதல் ஆசிரியராக 2016-இல் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். இதுபோன்ற கூட்டம் ஒன்றை நடத்த எண்ணும் எந்த ஆய்வுக்குழுவும் முதலில் அதைப் படித்துவிடுவது நல்லது.

வார நிகழ்ச்சி எளிமையானது. திங்களன்று ஒவ்வொரு திட்டத்தினரும் ஓரிரு நிமிடங்களில் தங்களை அறிமுகப்படுத்துகிறார்கள். வெள்ளியன்று அதே வரிசையில் செய்ததைக் காட்டுகிறார்கள். இடையில் குறிப்பிட்ட பொருள்களில் சிறு குழு அமர்வுகள் நடக்கும். மீதி நேரம் முழுவதும் வேலைக்கு. நிகழ்ச்சி நிரலில் வெற்றிடம் இருந்தால் அதை உரைகளால் நிரப்பத் தோன்றும் ஆசையை அமைப்பாளர்கள் இத்தனை ஆண்டுகளாக அடக்கி வைத்திருப்பது பாராட்டுக்குரியது. எம்.ஐ.டி.யின் 34-ஆம் கட்டடத்தில் உள்ள கிரியர் அறைகளில் பல கோடைக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஒரே பெரிய அறையில் எல்லோரையும் அமர்த்துவதில் பெரும் நன்மை உண்டு: பக்கத்து மேசையில் பேசப்படுவது காதில் விழும், எழுந்து போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

இடத் தேர்வு பற்றியும் ஒரு சொல். கடந்த பல ஆண்டுகளில் கூட்டம் ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவின் லாஸ் பால்மாஸ் நகரத்துக்கும், கனடாவின் மாண்ட்ரியலுக்கும் சென்றிருக்கிறது. கனேரித் தீவுகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில் உள்ளவை. அங்குள்ள பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் செனகல், மொரிட்டானியா போன்ற நாடுகளோடு மருத்துவத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தை நடத்திய காரணத்தால், பாஸ்டனில் நடந்த கூட்டங்களில் காண முடியாத பங்கேற்பாளர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஸ்லைசரின் இடைமுகத்தை ஆங்கிலம் அல்லாத மொழிகளில் தரும் பணியில் செனகலின் தலைநகர் டக்காரில் உள்ள பல்கலைக்கழகத்தாருக்கு இன்று பங்கு இருக்கிறது. கூட்டம் எங்கே நடக்கிறது என்பது யாருடைய தேவைகள் மென்பொருளுக்குள் நுழைகின்றன என்பதையும் தீர்மானிக்கிறது. தெற்காசியாவுக்கு அத்தகைய ஒரு வாய்ப்பு வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது கூட்டம் இணையவழிக்கு மாறியது. பிறகு நேரிலும் இணையத்திலும் சேர்ந்து நடக்கும் வடிவமும் வந்தது. டிஸ்கார்ட் என்ற உரையாடல் தளத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அறை ஒதுக்கி, நேரடிக் கூடத்தில் மேசைக்கு மேசை நடப்பதை ஓரளவு ஈடுகட்ட முயன்றார்கள். பயணச் செலவும் விசாவும் இன்றிச் சேர முடிகிறது என்பது நம்மவர்க்குப் பெரிய வரம். பாஸ்டனில் காலை 9 மணி என்பது கோடையில் சென்னையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. பகல் வேலையை முடித்துவிட்டு நள்ளிரவு வரை உட்கார ஒரு வாரம் வீட்டார் ஒத்துழைக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, திரைக்கு வெளியே நடக்கும் பேச்சு இணையத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. கூடத்தில் பத்துப் பேர் வெள்ளைப்பலகை முன் நிற்கும்போது, தொலைவில் இருப்பவர் அமைதியான ஒலிவாங்கியைக் கேட்டுக்கொண்டிருக்க நேரிடும். திட்டத்துக்கு ஒருவர் தொலைவில் இருப்பவரின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டால் இந்தக் குறை வெகுவாகக் குறையும். இதை ஆயத்தக் காலத்திலேயே முடிவுசெய்து திட்டப் பக்கத்தில் பெயரோடு எழுதிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வேறு குறைகளும் உண்டு. திட்டங்களின் எண்ணிக்கை கூடும்போது திங்களின் அறிமுகமும் வெள்ளியின் அறிக்கையும் நீண்டு, கேட்பவர்களின் கவனம் சிதறுகிறது. அடுத்த படிகள் என்று எழுதப்பட்டவை பிறகு என்னவாயின என்று திரும்பிப் பார்க்கும் முறையான ஏற்பாடு போதாது. பழைய பக்கங்கள் எல்லாம் பொதுவில் இருப்பதால், ஆயத்த அழைப்பின் முதல் வாரத்தில் சென்ற முறைத் திட்டங்களைச் சற்று நேரம் பார்ப்பதே இதற்குப் போதுமான மருந்து. மேலும், இது ஸ்லைசரையும் அதைச் சுற்றியுள்ள திறமூல மென்பொருள்களையும் மையமாகக் கொண்ட சமூகம். வேறு கருவிகளோடு வருகிறவர்கள் வரவேற்கப்படுகிறார்கள் என்றாலும், உடன் வேலை செய்ய ஆள் கிடைப்பது ஸ்லைசர் தெரிந்தவருக்கே எளிது.

மருத்துவப் படிமக் கணினியியலின் ஆய்வு மாநாடான மிக்காயோடு இதை ஒப்பிடுவது பொருந்தாது, ஆனால் பலரும் ஒப்பிடுகிறார்கள். 1998-இல் மூன்று கூட்டங்கள் இணைந்து உருவான மிக்காய், புதிய முறைகளை மதிப்பிட்டு வெளியிடும் இடம். பணி உயர்வுக்குக் கணக்கில் வரும் கட்டுரை அங்கே கிடைக்கும். புராஜெக்ட் வீக்கில் அப்படி ஒன்றும் கிடைக்காது. துறைத்தலைவரிடம் பயண அனுமதி கேட்கும் மாணவருக்கு இது உண்மையான இடையூறு. ஆனால் வெளியான முறையைப் பிறர் நிறுவி இயக்கக்கூடிய மென்பொருளாக்கும் வேலை எங்கே நடக்கிறது என்று பார்த்தால், அது இத்தகைய மேசைகளில்தான் நடக்கிறது. ஸ்லைசரின் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கும் இடம் தருவதால், பல்கலைக்கழகத்தாரும் நிறுவனத்தாரும் ஒரே நிரலில் கை வைக்க முடிகிறது. அதே நேரத்தில் ஸ்லைசர் ஆய்வுக்கான மென்பொருள், மருத்துவப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்ற கருவி அன்று என்பதை மருத்துவமனைகளில் இருந்து வருகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

புதிதாகச் சேர எண்ணுகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். முதல் முறை இணையவழியில் சேருங்கள். சொந்தத் திட்டத்தோடு போகாமல், முந்தைய கூட்டங்களின் பக்கங்களைப் படித்து, உங்களுக்குப் பழக்கமான தரவு வகையில் வேலை செய்யும் குழுவொன்றைத் தேர்ந்து, முதல் ஆயத்த அழைப்பிலேயே அதில் பெயர் சேருங்கள். ஸ்லைசரை மூலநிரலிலிருந்து உருவாக்கத் தேவைப்பட்டால் அந்த வேலையைத் திங்கட்கிழமைக்கு விட்டுவைக்க வேண்டாம், அதற்கே பல மணி நேரம் பிடிக்கும். அடையாளம் நீக்கிய மாதிரித் தரவையும், அதைப் பகிர உங்கள் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியையும் முன்பே கையில் வைத்திருங்கள். நேரில் போவதானால் விசா விண்ணப்பத்தைத் தேதி அறிவிக்கப்பட்ட உடனேயே தொடங்குங்கள். கூட்டத் தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும், விசா நேர்காணல் தேதி அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.